அனாதை என்று சொன்னால் போதும்

கண்டியில் இருந்த இந்திய அதிகாரி சின்னம்மாவிடம் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி. பிள்ளைகள் எத்தனை? சின்னம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டு பொம்பளப் புள்ளைகங்க" என்றாள். ஒருத்தி அவள் வயிற்றில் பிறந்தவள். இன்னொருத்தி நான், அவளுடைய அக்காள் மகள். அக்காள் மகளை மகள் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அவள் பொய் சொல்லவில்லை. அது பொய்யாகும் என்பதே அவளுக்குத் தெரியாது. குடும்பத்துக்கென்று கொடுத்த பாஸ்போர்ட்டில் என் பெயரும் ஏறியது. நான் இந்தியப் பிரஜை ஆனேன்.

நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். பேரையூர்ப் பக்கம் மழை பொய்த்த ஒரு காலத்தில் தாத்தா கப்பல் ஏறிக் கண்டிச்சீமைக்குப் போனார். சுதந்திரம் வந்த பிறகு அந்த நாடு எங்களைக் காட்டி 'உன் ஆட்கள்' என்றது. இந்த நாடு 'உன் ஆட்கள்தான்' என்றது. கடைசியில் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டு, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று ஆட்டு மந்தையைப் பங்கு போடுவதுபோல் பிரித்துக்கொண்டன. எந்தப் பக்கம் மனுப் போடுகிறாய் என்று மட்டும் எங்களைக் கேட்டார்கள். சித்தப்பா இந்தியாவுக்குப் போட்டார். என் அப்பா, பிறந்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று அந்த நாட்டுக்கே போட்டார். அதை அவர்கள் தள்ளுபடி செய்துவிட்டது பின்னால்தான் தெரிந்தது.

அம்மா என்னைப் பெற்ற சில மாதங்களில் காய்ச்சலில் போய்விட்டாள். அதே சமயத்தில் சின்னம்மாவுக்கும் ஒரு மகள் பிறந்தாள். எங்கள் இருவருக்கும் ஐந்து மாதம்தான் வித்தியாசம். இரண்டு பேருக்கும் சின்னம்மாவே பால் கொடுத்தாள். பத்து வயதில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் கிளம்பினேன். அப்பா ரயிலடி வரை வந்தார். "சின்னம்மா சொன்னபடி கேளு" என்று தலையைத் தடவினார்.

பழங்காநத்தத்தில் ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தோம். சித்தப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்தது. நானும் தங்கச்சியும் ஒரே வகுப்பில் படித்தோம். கடையில் போய் நான் 'பாண்' கேட்டால் தங்கச்சி என் தொடையைக் கிள்ளுவாள். ரொட்டி என்று சொல்லப் பழகினேன். அதைத் தவிர எனக்கு அந்த நாட்களில் எந்தப் பயமும் இல்லை.

பயத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் காம்பவுண்டின் மாடி அறையில் இருந்த சட்டக் கல்லூரி மாணவர். நல்ல மனிதர். பழைய டவுனில் அவருடைய அத்தா ஜவுளிக்கடை வைத்திருந்தார். வீட்டில் சத்தம், படிக்க முடியவில்லை என்று இங்கே அறை எடுத்திருந்தார். இங்கே வந்து அவர் போட்ட சத்தத்தைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. மொட்டை மாடியில் நடந்துகொண்டே உரக்கப் படிப்பார். துணி காயப்போட யார் போனாலும் நிறுத்திவைத்து அன்றைய பாடத்தை ஒப்பிப்பார். அந்த வருடம் அவருக்குச் சர்வதேசச் சட்டம் ஒரு பாடம்.

"ஒரு நாடுன்னா நாலு வேணும் தங்கச்சி. மண்ணு, மக்கள், அரசாங்கம், மத்த நாட்டோட பேசுற தகுதி."

"ஒரு ஆளுன்னா என்னென்ன வேணும்ணே?"

அவர் சிரித்தார். "ஆளே இந்தச் சட்டத்துல கெடையாது. இது நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள விவகாரம். நீயும் நானும் அதுல ஆளே இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. உலகம் முழுவதற்கும் ஒரு சட்டம், அதில் ஒரு மனுஷிக்கு இடம் இல்லை. இதைப் பாஸ் பண்ண வேறு வேண்டுமா? ஹேக் என்ற ஊரில் உலகத்துக்கே ஒரு கோர்ட் இருக்கிறது என்றார். அங்கே நாம் கேஸ் போட முடியுமா என்று கேட்டேன். நாடுகள்தான் போடலாம் என்றார். சரிதான் என்று ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

இன்னொரு நாள் பிரஜை ஆகிற வழிகளைப் படித்தார். சில நாடுகள் பிறந்த மண்ணைப் பார்க்கும். சில நாடுகள் பெற்றவர்களின் ரத்தத்தைப் பார்க்கும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அங்கேயே கை நின்றுவிட்டது. நான் பிறந்த மண் என்னை வேண்டாம் என்றது. என்னைப் பெற்றவர் இந்தியாவுக்கு மனுவே போடவில்லை. அப்படியானால் எந்த வழியில் நான் உள்ளே வந்தேன்?

"ரெண்டுலயும் விழாத ஆளு?"

"நாடற்றவன்னு பேரு."

"அவன எங்கண்ணே அனுப்புவாக?"

"அவன் நாட்டுக்கு."

"அவனுக்குத்தான் நாடே இல்லையே."

அவர் நடப்பதை நிறுத்தினார். புத்தகத்தைப் புரட்டினார். "அதுக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கு. நம்ம நாடு கையெழுத்துப் போடல. விடு தங்கச்சி, இது இம்பார்ட்டண்ட் கேள்வி இல்ல, பரீட்சைல கேக்க மாட்டாக." போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். பெற்றவர் இன்னார் என்றே தெரியாமல் அனாதையாகக் கிடக்கும் குழந்தைக்கு மட்டும் சட்டம் இரக்கம் காட்டும், கண்டெடுத்த இடமே அதற்கு நாடு என்று. அனாதைக்கு இருக்கும் கொடுப்பினை அப்பன் உள்ளவளுக்கு இல்லை என்று நினைத்தேன். அன்றிலிருந்து வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே நான் உள்ளே போய் நின்றுகொள்வேன்.

பதினோராம் வகுப்பு முடிந்ததும் தாயகம் திரும்பியோர் பிள்ளைகள் என்ற முறையில் எங்கள் இருவருக்கும் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டார் சித்தப்பா. நான் வேண்டாம் என்று அழுதேன். ஏன் என்று சொல்லத் தைரியம் இல்லை. படிக்கப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். சில வாரங்களில், தாயாரும் இரண்டு மகள்களும் நேரில் வர வேண்டும் என்று தல்லாகுளம் கலெக்டர் ஆபீஸிலிருந்து தகவல் வந்தது.

பஸ்ஸில் போகும்போது சின்னம்மா தூக்குவாளியில் புளிச்சோறு வைத்திருந்தாள். ஏதோ கோயிலுக்குப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் வழியில் பழுதாகிவிட வேண்டும் என்று வேண்டினேன். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

அதிகாரி கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூத்ததுக்கும் இளையதுக்கும் அஞ்சு மாசந்தான் இருக்கு. எப்படிம்மா இது?"

பக்கத்து மேஜை கிளார்க் வாயைப் பொத்திச் சிரித்தார். சின்னம்மாவுக்குச் சிரிப்பும் இல்லை, கலக்கமும் இல்லை.

"இவ எங்கக்கா பெத்தது. இவ நான் பெத்தது."

எனக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. பாவாடைக்குள் முழங்கால் முழங்காலோடு இடித்தது. முடிந்தது என்று நினைத்தேன். சித்தப்பாவையும் சின்னம்மாவையும் பொய் சொன்னதற்கு உள்ளே போடுவார்கள். என்னைக் கப்பலில் ஏற்றுவார்கள். அந்தக் கரையில் இறங்கவிடாமல் இந்தக் கரைக்கே விரட்டுவார்கள். இரண்டு கரைக்கும் நடுவில் நான் மட்டும் கப்பலில் போய்ப் போய் வருவேன் என்று சிறுபிள்ளைத்தனமாக ஒரு காட்சி மனசுக்குள் ஓடியது. அது கொஞ்சமும் சிரிப்பாக இல்லை.

"அப்புறம் எப்படிம்மா ரெண்டும் மகளுகன்னு சொன்னீக?"

"அக்கா மக எனக்கு மக இல்லாம வேற யாருங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் நம் ஊர்க்காரர்தானே, அவருக்குப் புரியாமல் இல்லை. "எனக்கும் அப்படித்தாம்மா. கவர்மெண்டுக்கு அது செல்லாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெத்தவங்க இல்லாத புள்ளைய எடுத்து வளத்தேன்னு சொல்லுங்க, போதும். அனாதைப் புள்ளைதான இது?" என்று கேட்டார்.

கதவைத் திறந்துவிட்டு, வா என்று கூப்பிடுகிறார். எனக்கு அது தெரிந்தது. சின்னம்மாவுக்குத் தெரியவில்லை. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அனாதையா? நான் இங்க குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன், எம் மகளப் பாத்து அனாதைன்றீகளே? நீங்க நல்லா இருப்பீகளா?"

"நான் ஒங்க நல்லதுக்குத்தாம்மா கேக்குறேன்."

"ஒரு மாருல இவ, ஒரு மாருல அவ. யாரு அனாதை?"

கிளார்க் இப்போது சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவை மூடப் போனார். அவர் மூடிவிட்டால் எல்லாம் போயிற்று. நான் எழுந்து நின்றேனா, உட்கார்ந்தே சொன்னேனா என்று நினைவில்லை.

"ஆமா சார். நான் அனாதைதான்."

சின்னம்மா என் பக்கம் திரும்பினாள். அடி விழும் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கீழே என் காலைப் பார்த்தாள். நடுக்கம் அப்போதும் நிற்கவில்லை.

"ஒங்கப்பா?" என்று அதிகாரி கேட்டார்.

ரயிலடியில் நின்ற மனிதரை இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

"செத்துட்டாருங்க" என்றாள் சின்னம்மா. அப்படி ஒரு நிதானமான குரலை அவளிடம் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அவர் எழுதிக்கொண்டார். போகலாம் என்றார். வெளியே ஸ்கூட்டர்கள் நின்ற மரத்தடியில் அவள் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. தங்கச்சி பசிக்கிறது என்று சொல்லப் பயந்து நின்றாள்.

"அந்த மனுசன் அங்க உசுரோட கஞ்சி குடிச்சிக்கிட்டிருக்காரு. நான் வாயாலயே கொன்னுட்டேன்" என்றாள் சின்னம்மா. பிறகு முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இன்னொரு தரம் அனாதைன்னு சொன்ன, நாக்க இழுத்து வச்சு அறுப்பேன்."

தோட்டத்துக்குத் திரும்பிப் போன ஒருவரிடம் அப்பாவுக்குச் சேதி சொல்லிவிட்டோம். ஆபீஸில் உங்களைச் செத்ததாகச் சொல்லியிருக்கிறது, இனிக் கடிதம் போட வேண்டாம், யாராவது கேட்டால் இந்தியாவில் சொந்தம் யாரும் இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்று. அவர் சரி என்றாராம்.

எனக்குப் பயிற்சியில் இடம் கிடைத்தது, பிறகு ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்தது. பயம் மட்டும் போகவில்லை. எண்பத்து மூன்றில் அங்கே பெரிய கலவரம் என்று ரேடியோவில் சொன்னபோது அது இரண்டு பயமாகிவிட்டது. அப்பா செத்திருப்பாரோ என்று பயம். உயிரோடு படகேறி வந்துவிடுவாரோ என்றும் பயம். வந்தால் செத்தவர் எழுந்து வந்த மாதிரி ஆகும், என் வேலை, சித்தப்பா வேலை, எல்லாவற்றையும் கிளறுவார்கள். மாடி அறை அண்ணன் அப்போது வக்கீலாகிவிட்டார். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவனை அதே ஆபத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று உலகத்தில் ஒரு விதி இருப்பதாகச் சொன்னார். நாம் அதிலும் கையெழுத்துப் போடவில்லை, ஆனாலும் அனுப்ப மாட்டார்கள் என்றார். அதை மட்டும் நம்ப விரும்பினேன்.

மறு வருடம் மில்லில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் சித்தப்பாவிடம் சொன்னார். "ஒங்க சகலை பேரையூர்ப் பக்கம் முகாம்ல இருக்காராம்."

சின்னம்மா போகாதே என்றாள். நான் போனேன். பஸ்ஸில் போகும்போது ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சின்னம்மாவின் அக்காள் புருஷன் அவள் வீட்டுப் பிள்ளைக்குப் பெரியப்பா. அப்படிச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தச் சொல்லுக்குள் அப்பாவும் இருந்தார்.

முகாம் வாசலில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னேன்.

"ஒனக்கு என்ன வேணும் அவரு?"

"பெரியப்பா."

ஆள் அனுப்பினார். அப்பா வந்தார். யாரோ தானமாகக் கொடுத்த பெரிய சட்டை, தோளில் நிற்கவில்லை. என்னை ரயிலேற்றிவிட்டபோது எனக்குப் பத்து வயது. ஆனால் பார்த்த உடனே தெரிந்துகொண்டார். அது அவர் கண்ணில் தெரிந்தது.

"பெரியவரே, இங்க சொந்தம்னு யாரும் இல்லேன்னு சொல்லியிருக்கீக. இந்தப் புள்ள ஒங்கள பெரியப்பான்னுதே?"

நான் ஒரு வழி கண்டுபிடித்து வந்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? யாரும் இல்லை என்று சொல்லச் சொன்னவர்கள் நாங்கள்தானே.

"எனக்கு யாருமில்லீங்க" என்றார். "இது யாருன்னு தெரியலீங்க."

நான் வாயைத் திறந்தேன். போலீஸ்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். தல்லாகுளத்தில் வந்த அதே நடுக்கம் காலில் வந்துவிட்டது.

"ஆள் மாறி வந்துட்ட போல. கெளம்பும்மா" என்றார் போலீஸ்காரர்.

திரும்பி நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

"ஐயா, யார் பெத்த புள்ளையோ, வெயில்ல வந்திருக்கு. ஒரு வாய் தண்ணி குடுத்து அனுப்புங்க."

போலீஸ்காரர் என்னைக் கூப்பிட்டுப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை அப்பா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.