கமலாக்காவின் கடைசிப் பேப்பர்

கம்ப்யூட்டர் ஓடும்வரை நம்மை யாருக்கும் தெரியாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்துவிட்டால் நாம்தான் கடவுள், அரை மணி நேரத்தில் சரியாகாவிட்டால் நாம்தான் திருடன். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, எங்கள் மலையூர் ரிங்லெட்டில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கழிந்த ஒரு வியாழக்கிழமையைக் கேளுங்கள்.

கூடையில் வந்த கம்ப்யூட்டர்

கடை திறந்ததும் கமலாக்கா வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஐந்து வருடமாக டிகிரி படிக்கிறவர். மழைக்குப் பயந்து, கம்ப்யூட்டரைக் கொழுந்துக் கூடையில் வைத்து, பிளாஸ்டிக்கால் மூடி, முதுகில் சுமந்து வந்திருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு ஆன்லைனில் கடைசிப் பரீட்சை. தவறினால் இன்னும் ஒரு வருடம்.

போட்டுப் பார்த்தேன். டிஸ்க்கே இல்லை என்றது. தேதி பல வருடம் பின்னால் நின்றது. உள்ளே காசு அளவில் இருக்கும் பேட்டரி செத்திருந்தது. அது செத்தால், விண்டோஸுக்கு முன்னால் எழும்புகிற பயாஸ் தன் செட்டிங் எல்லாவற்றையும் மறந்துவிடும். இதைத்தான் விளக்கினேன்.

"மறந்தா அதுக்கு என்னா தம்பி, பரீட்சை எனக்குத்தானே!"

வரிசை மாற்றம்

அந்த பேட்டரி கடையில் தீர்ந்திருந்தது. என் கெரேத்தாவை, அதாவது காரைத் திறக்கும் ரிமோட்டில் இருப்பதும் அதே அளவுதான். அதைக் கழற்றும்போது போன் வந்தது. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கும் முனியாண்டி அண்ணன். அவர் கம்ப்யூட்டரும் எழும்பவில்லையாம். சொருகியிருந்த பென் டிரைவை உருவச் சொன்னேன். உடனே எழும்பிவிட்டது. "திரும்பவும் இப்படி ஆனா நேர்ல வந்து பூட் ஆர்டர மாத்தித் தரேன் அண்ணே" என்றேன். எதிலிருந்து எழும்புவது என்ற வரிசைக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். அண்ணன் பதறிவிட்டார்.

"ஆர்டர மாத்தாத தம்பி! நேத்துதான்லா பிரிஞ்சாங் டவுன்ல பெரிய பூட்டா ஆர்டர் குடுத்திருக்கேன், கடைக் கதவுக்கு!"

ஒன்று ஐம்பத்திரண்டு

ரிமோட் பேட்டரியைப் போட்டேன், தேதியைத் திருத்தினேன். டிஸ்க் இன்னும் தெரியவில்லை. டிஸ்க்கைப் படிக்கும் முறையும் மாறியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றி, அணைத்து, போட்டேன். பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. சாப்பிடவில்லை. இதை எழுப்பாமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். கமலாக்கா தலை நிமிராமல் நோட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு விண்டோஸ் வந்தது. எஸ்டேட்டுக்குத் திரும்ப நேரமில்லை. என் மேசையிலேயே உட்காரவைத்து, கடைக் கதவைச் சாத்தினேன். தட்டியவர்களை ஜன்னல் வழியாகக் கும்பிட்டு அனுப்பினேன். ஐந்து மணிக்கு எழுந்தார். எனக்குத்தான் கண் கலங்கியது. பேப்பர் எப்படி என்று கேட்டேன்.

"கேள்வி எல்லாம் தெரிஞ்சதுதான் தம்பி. காலையிலேருந்து நீ முணுமுணுத்த கெட்ட வார்த்தைதான்லா எனக்குப் புதுசு."

கமலாக்கா பட்டம் வாங்கிய படத்தைக் கேட்டு வாங்கிக் கடையில் மாட்டியிருக்கிறேன், கம்ப்யூட்டர் எழும்பாத நாளில் நானாவது எழும்ப வேண்டுமே.