இடப்பக்கம் எடுத்தது

தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது கணவர் சோறு தின்றுகொண்டிருந்தார். கடலுக்குப் போய் வந்த மத்தியானம். தட்டு சுவரில் பட்டுச் சிதறியது. அடுத்ததாக ஒரு குத்து என் வாயில் விழுந்தது.

"வயித்தை வெட்டிப்போட்டு வந்து படுத்தா வீட்டு வேலையை ஆரடி பாக்கிறது?"

"அவன் சாகப்போறான்."

"சாகட்டும்."

கீழே விழுந்த என்னை உதைத்தார். பதினைந்து வருடமாக இப்படி விழும் ஒவ்வொரு முறையும் சுருண்டு கிடந்தே பழகியிருந்தேன். அன்று அவர் தலைமயிரைப் பிடிக்கக் குனிந்தபோது மணிக்கட்டைக் கடித்தேன். விடவில்லை. வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. என்னுடையதா அவருடையதா என்று தெரியவில்லை. என் தலையை அலுமாரியோடு சேர்த்து இடித்துப் பிடியை விடுவித்தார். பக்கத்து வீட்டார் வேலிவரை வந்து நின்றார்கள், உள்ளே வரவில்லை.

அவர் கைக்கு மருந்து கட்டப் போன நேரம் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் அரிப்பிலிருந்து தம்பியிடம் பஸ் ஏறினேன்.

தம்பி பேசாலையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். மூன்று வருடமாக வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்து உயிரோடிருந்தான். என் முகத்தைக் கண்டதும் பெரிய ஸ்பேனர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான். வாசல் படலையைத் தாண்டவில்லை, மூச்சிரைத்து மணலில் இருந்துவிட்டான்.

"எனக்கு வேண்டாமக்கா. நான் செத்தா நீயாவது அடி வாங்காமல் இருப்பாய்."

அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். "இனிச் சாவைப் பற்றிக் கதைச்சியெண்டால் பார்."

சின்ன வயதிலும் நான் அவனை அடித்ததில்லை. இருவரும் அழுதோம்.

வெளிநாட்டிலிருந்த சித்தப்பா செலவை ஏற்றுக்கொள்ள, சென்னைக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டொக்டர் என்னைத் தனியாக இருத்தி விசாரித்தார். இடுப்பில் உதைபட்ட கண்டல் மஞ்சளாகிக் கிடந்தது.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"ஓம்."

பேனா நின்றது.

"குடுக்கக்கூடாதெண்டு," என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஸ்கான் எடுக்கச் சொன்னார். உதை விழுந்தது வலப்பக்கம். இரண்டு சிறுநீரகங்களும் பழுதில்லை. இடதை எடுப்பதென்று முடிவானது. ரோபோ மூலம் செய்வதால் காயம் சிறிதாயிருக்கும் என்றார்கள்.

"மெஷின் தானாவே வெட்டுமோ?" என்று அறுவை டொக்டரைக் கேட்டேன்.

"இல்லம்மா. பக்கத்துல உட்கார்ந்து நான்தான் அதை இயக்குவேன். என் கை நடுங்கினாலும் அதோட கை நடுங்காது."

தியேட்டரில் பிளாஸ்டிக் உறை போட்ட நான்கு இரும்புக் கைகள் தலைக்கு மேலே நின்றன. அதில் ஒன்று அசைந்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டேன். தாதி ஒருத்தி என் கைகளை மெல்ல இறக்கிப் பிடித்துக்கொண்டாள். மயக்கம் வரும்வரை அவள் விடவில்லை.

விழித்தபோது வயிற்றைவிடத் தோள்தான் வலித்தது. வயிற்றுக்குள் ஏற்றிய காற்றின் வேலை என்றார்கள். வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள், அடிவயிற்றில் சிறுநீரகத்தை வெளியே எடுத்த ஒரு வெட்டு. புதுச் சிறுநீரகம் வேலைசெய்து, தம்பிக்கு ஒப்பரேஷன் மேசையிலேயே சிறுநீர் வந்துவிட்டதாம்.

ஊர் திரும்பித் தம்பியோடு இருந்த இரண்டாம் மாதம், கணவர் மீன் வெட்டும் கத்தியோடு பேசாலைக்கு வந்தார். நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நேரே என் வயிற்றைக் குறிவைத்து வீசினார். விலகிவிட்டேன், ஈரச்சேலை கிழிந்தது. தம்பி பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கட்டிப்பிடித்து நிலத்தில் வீழ்த்தி முதுகில் ஏறியிருந்தான். பாரம் தூக்கவே கூடாதென்று சொல்லி அனுப்பப்பட்டவன். இங்கே அயலார் உள்ளே வந்தார்கள். பொலிஸ் வரும்வரை அவரை மரத்தில் கட்டிவைத்தார்கள்.

"தையல் விட்டுதோடா?" என்று அவன் போட்டிருந்த சேட்டைத் தூக்கிப் பார்த்தேன். விடவில்லை.

வழக்கு மன்னார் கோட்டில் நடக்கிறது. போன தவணையில் தன் சட்டத்தரணி மூலம் அவர் சொல்லியனுப்பினார்: ஒற்றைக் கிட்னிக்காரியோடு இனிக் குடும்பம் நடத்த மாட்டாராம். நல்லது, எழுத்தில் தரச் சொல்லுங்கோ என்றேன்.