மாமாவின் இடது கால்

என்ஜின் நின்றதும் முதலில் கேட்டது மழைச் சத்தம்தான். அதுவரை டீசல் இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடந்த மழை, சட்டென்று வண்டியின் கூரை முழுக்க விழுந்தது. நெடுமங்காட்டைத் தாண்டி விதுராவுக்குப் போகும் ஏற்றம் அது. பிக்கப்பின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் எங்கள் ஆரியசாலை மளிகைக் கடையிலிருந்து ஏற்றிய வற்றல் மிளகாயும் புளியும் பருப்பு மூட்டைகளும் இருந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் என் மாமனார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். வண்டி மெல்லப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. மாமா பிரேக்கை முழுக்க மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்து நிறுத்தினார். பிறகு ஒன்றும் நடக்காதவர் போலச் சாவியைத் திருப்பினார். உடனே என்ஜின் பிடித்துக்கொண்டது. "டீசல்ல என்னவோ அடைச்சிருக்கும் மோளே," என்றார். ஆனால் பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிட்டபோது என்ஜினை அணைக்கவில்லை.

கல்யாணமாகி வந்த வருடம்தான் எனக்கு விதுராவில் ஆசிரியை வேலை கிடைத்தது. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பின்பகுதி. மாமா அந்தப் பக்கத்துக் கடைகளுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் சரக்கு கொண்டுபோகிறவர் என்பதால், "நான் போற வழிதானே, பஸ்ஸுல எதுக்கு நசுங்கணும்?" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். அத்தை நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். வீட்டுக்குள் மாமா திருநெல்வேலித் தமிழை அளவாகப் பேசும் மனிதர். வண்டியில் ஏறிவிட்டால் நான் மருமகள் இல்லை, மகள், மோளே ஆகிவிடுவேன், பேச்சும் பாதி மலையாளமாகிவிடும். பழவங்காடிப் பிள்ளையாரைக் கடக்கும்போது ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக்கொள்வார், மறு கை கியரில் இருக்கும். ஜீப்பில் தொடங்கி வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவர். இந்தப் புதுப் பிக்கப்பை வாங்கியபோது, "இதுக்கு உள்ளே கம்ப்யூட்டராம். டீசல் எவ்வளவு வேணும்னு அதுவே யோசிச்சுக்கிடுமாம். நமக்கு இனி என்ன வேலை," என்று சிரித்ததாக என் கணவர் சொல்வார்.

அதற்குப் பிறகு வண்டி அடிக்கடி நின்றது. எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. மழை நாளில் நிற்கும், மழை விட்ட மறுநாளும் நிற்கும், பிறகு பத்துப் பதினைந்து நாள் ஒரு தொந்தரவும் இருக்காது. எங்கள் தெருமுனை மெக்கானிக் டீசல் ஃபில்டரை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், ஓட்டிப் பார்த்தார். அவர் கையில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. என் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம் வரை ஓட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. மாமா ஓட்டினால் மட்டும் நின்றது. ஒருநாள் மெக்கானிக் என் கணவரைத் தனியே கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாராம்: "வண்டியில ஒண்ணும் காணலை சாரே. அப்பாவுக்கு வயசாச்சுல்லா. கிளட்ச்சு விடுறதுல பிழை வரும்."

வீட்டில் அந்தப் பேச்சு வேர்விட அதிக நாளாகவில்லை. என் கணவர் கெட்டவர் அல்ல. அப்பாவை இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் அவருக்கு. கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தார். கடைசியில் நரம்பு டாக்டர் ஒருவரிடமும் கூட்டிப்போய், நிமிடக்கணக்கில் நினைவு தப்புகிறதா என்று கேட்க வைத்தார். சட்டையைக் கழற்றச் சொன்னபோது மாமா கழற்றினார், கையை நீட்டச் சொன்னபோது நீட்டினார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது நின்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "இந்த வயசுல எதையும் உறுதியாச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் தங்கியது.

நான் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. தொளிக்கோட்டுக்கு முந்தைய வளைவில் மறுபடி நின்றபோது, என் செருப்புக்கடியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை ஓரமாகத் தள்ளக் குனிந்திருந்தேன். மாமாவின் இரண்டு கால்களும் என் கண்ணெதிரே இருந்தன. வலது கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. இடது கால் கிளட்ச்சுக்குப் பக்கத்தில்கூட இல்லை, தரையில் தட்டையாக ஊன்றியிருந்தது. அந்த நிலையில்தான் என்ஜின் அணைந்தது. பின்னால் வந்த மரம் ஏற்றிய லாரி ஹாரனை அலறவிட்டு எங்களை உரசுவது போல விலகிப் போனது. லாரிக்காரன் கத்திய கெட்ட வார்த்தையை மாமா முகம் மாறாமல் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து நிமிராமல், "உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. "பின்னே?" என்றார்.

அடுத்த வாரம் விதுரா போகும் வழியில் மாமா கேட்டார். "மோளே, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லணும். அன்னைக்கு நான் கண்ணு அசந்துட்டேனா?"

"இல்லை மாமா. உங்க கால் கிளட்ச்சுலயே இல்லை. நான் பார்த்தேன்."

கொஞ்ச தூரம் போனபின், "நீ என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லுதே," என்றார். நான் மறுபடியும் சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. அந்த மாதக் கடைசியில் சாவியைத் தானே கொண்டுவந்து என் கணவரிடம் கொடுத்தார். "ஒரு டிரைவரை வச்சுக்கோ. பிள்ளையை வேற பக்கத்துல வச்சுக்கிட்டுப் போறேன்," என்றார். பிள்ளை என்றது என்னை.

நேமத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தார், கல்யாணமான, நிதானமான மனிதர். வெயில் காலம் முழுக்க வண்டி ஒழுங்காக ஓடியது. அது ஓட ஓட மாமா வீட்டில் சுருங்கிப் போனார். தேநீர்த் தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினார். படி இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டார். கடையில் எடை போட்டதைச் சரிபார்க்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார். பிறகு ஜூனில் இடவப்பாதி என்கிற பருவமழை பிடித்தது. ஒரு மத்தியானம் டிரைவர் தலை முதல் கால் வரை நனைந்து வந்து, சாவியை மேசைமேல் வைத்தார். "எறக்கத்துல நின்னு போச்சு சாரே. பிரேக்கு கல்லு போல ஆயிட்டு. மதில்ல சாய்ச்சு நிறுத்தினேன். இனி இந்த வண்டி எனக்கு வேண்டா." மாமா நாற்காலியில்தான் இருந்தார். அவரைப் பார்க்க யாருக்கும் துணிவில்லை.

கரமனைப் பக்கத்தில் ஒரு பெரிய பட்டறைக்கு வண்டி போனது. அங்கே சோதனைக் கருவியை இணைத்தபடியே என்ஜினை நெடுநேரம் ஓடவிட்டார்கள். என்ஜின் அணைந்த அதே கணத்தில் கருவிக்கு வந்துகொண்டிருந்த விவரங்களும் நின்றுபோயின. கம்ப்யூட்டருக்குப் போகும் மின்சாரத்தைச் சோதித்தார்கள், அது சரியாக இருந்தது. பிறகு நான் உட்காரும் இடத்தில், என் முழங்காலுக்கு நேரே டேஷ்போர்டைக் கழற்றி அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை வெளியே எடுத்தார்கள். முன்கண்ணாடியின் ஓரத்தில் கசிந்த மழைத்தண்ணீர் வயர் வழியாக இறங்கியதில், உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. என் செருப்பை நனைத்த அதே தண்ணீர். ஈரம் ஏறி, நெடுந்தூரம் ஓடிச் சூடானால் விட்டு விட்டு அணையும், காய்ந்தால் தொந்தரவு இருக்காது என்றார் பட்டறைக்காரர். புதுப்பெட்டி எர்ணாகுளத்திலிருந்து வந்தது. அதை மாட்டினால் மட்டும் போதவில்லை. பழைய சாவியை அது முதலில் ஏற்கவே இல்லை. இந்த வண்டியையும் இந்தச் சாவியையும் அதற்குப் பழக்கிக் கொடுக்க அரைநாள் ஆனது.

என் கணவர் சாவியைக் கொண்டுவந்து மாமாவின் முன் நீட்டினார். "கோளாறு வண்டியிலதான்ப்பா. இப்ப சரியாச்சு. இனி நீங்களே ஓட்டுங்க." அவ்வளவுதான் சொன்னார். இன்னும் ஒரு வாக்கியம் வரும் என்று நான் கதவோரம் காத்து நின்றேன். வரவில்லை. மாமா, "அப்ப சரி," என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினோம். நெடுமங்காடு வரை பழைய மாமாதான், கியர் மாறுவதே தெரியவில்லை. ஏற்றம் தொடங்கும் இடத்துக்கு முன்னால் சமதரையில் ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டபடி இருந்தார். அது சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய இடது கால் கிளட்ச்சின் மேல் வெடவெடவென்று ஆடியது.

"நிக்காது மாமா," என்றேன்.

"தெரியும் மோளே. தெரிஞ்சும் காலு நடுங்குதே." கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தார். "இத்தனை பேரு சொன்னதுல நானும் நம்பிட்டேன். என் காலு என்ன செய்யுதுன்னு எனக்கே தெரியலைன்னு நம்பிட்டேன். இப்ப அது உண்மையாயிட்டு."

சாவியைத் திருப்பி அணைத்தார். என் கணவருக்கு நான் போன் செய்தேன். அவர் பஸ்ஸில் வந்து சேரும் வரை ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திரும்பும்போது நான் நடுவில், மாமா ஜன்னலோரம். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கோ கிளட்ச்சோ இல்லாத வெறும் தரையை அவருடைய கால் அழுத்திக்கொண்டே வந்தது. என் கணவரும் அதைப் பார்த்தார். சாலையை மட்டும் பார்ப்பது போல ஓட்டினார்.

பிறகு மாமா ஓட்டவே இல்லை. பிக்கப்பை விற்றோம். காலையில் என் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு தம்பானூர் பஸ் நிலையம் வரை என்னோடு நடப்பார். மாலையில் திரும்பியதும், "இன்னைக்கு டிரைவர் எப்படி, வளைவுல நிதானமா போனானா?" என்று கேட்பார். பஸ்ஸின் கதையைக் கேட்டுத் தலையாட்டுவார். இரண்டாவது மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து இறந்தார்.

ஒவ்வொரு வருடமும் திதிக்குத் தென்காசியிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். இந்த வருடம் பந்தியில் என் கணவர் யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அப்பா கடைசி வரைக்கும் வண்டி ஓட்டினவரு. யார் மேலயும் வண்டி உரசினது கூட இல்லை." அவர் அதை மனதார நம்பிச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"கடைசி வரைக்கும் ஓட்டலை," என்றேன். "வண்டி சரியான பிறகு ஒருநாள்தான் ஓட்டினார். அதுவும் பாதி வழிதான்."

யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த இலைக்காரர் ரசத்துக்குக் கையைக் குவித்தார். என் கணவர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாதிச் சோறு இருக்கும்போதே இலையை மடித்துவிட்டு எழுந்து கைகழுவப் போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தது.