அவள் "அப்பா" என்று கூப்பிட்ட நாள்

என் மகள் முதன்முதலாக "அப்பா" என்று கூப்பிட்ட நாளை நினைத்து நான் சந்தோஷப்படலாமா? ஐந்து வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது நாங்கள் இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் கணவருக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அன்று லொறியில் வந்த கொழுந்து அரைக்கும் புதிய ரோலர் இயந்திரத்தைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது ஆடாமல் இருக்க, ஒரு பக்கக் கயிற்றை என் கணவரும் மறுபக்கக் கயிற்றை அவருடைய கூட்டாளி செபஸ்தியான் அண்ணனும் பிடித்திருந்தார்கள். பகல் சாப்பாடு கொண்டுபோன நான், வாடிய கொழுந்தின் வாசம் பிடித்துப்போய், அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தேன். இடுப்பில் இருந்த மகள் "அப்பா!" என்றாள்.

அவர் திரும்பிச் சிரித்தார். கயிறு கைநழுவியது. ஆடிய இயந்திரம் அண்ணனின் பாதத்தின் மேல் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நான் அழுதுகொண்டு நின்றேன்.

"ஏன் தங்கச்சி அழுவுறீங்க? பாப்பா அப்பான்னு கூப்பிட்டுச்சே, கேட்டீங்களா? அடுத்து மாமான்னு சொல்லப் பழக்குங்க. கால் குடுத்தவன் நானு!" என்றார் அண்ணன். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம், "மாமா, ஏன் நொண்டுறீங்க?" என்று எங்களைப் பார்க்க வந்த அண்ணனிடமே கேட்டுவிட்டாள்.

"அட்டை கடிச்சிருச்சு பாப்பா."

"நெசமாவாம்மா?" என்று என்னிடம் ஓடிவந்தாள்.

என்றாவது வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கு முன் நானே சொல்லிவிடலாமா? பிள்ளை வளர்த்த வாசகர்களே, நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?