கிருமி கொல்லும் பசையும் தர்சினியின் பல்லும்

பல்லுக்குக் கம்பி போடும் இடத்தில், வாயைத் திறந்தவர் பேசமாட்டார். பக்கத்தில் நிற்பவர்தான் பேசுவார். இரண்டாயிரங்களின் நடுவில் கனடாவின் மொன்றியலில், அஹுன்ட்சிக் பக்கம் ஒரு பல் டொக்டரிடம் உதவியாளராக இருந்தேன். டொக்டருக்குப் பிரெஞ்சு, அம்மாமாருக்குத் தமிழ், நடுவில் நான். இப்படி நடுவில் நின்று முழி பிதுங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

விரதம்

தர்சினிக்குப் பன்னிரண்டு வயது. கம்பியைப் பிடிக்கும் குட்டி உலோகப் பொட்டுகளை அவள் பல்லில் ஒட்ட, டொக்டர் புதுப் பசை ஒன்றை எடுத்தார். கம்பியைச் சுற்றிக் கிருமி சேர்ந்தால் பல்லில் வெள்ளைத் தழும்பு விழும், இது கிருமியைக் கொல்லும் என்றார். அப்படியே தமிழில் சொன்னேன். அவளுடைய அம்மா கந்தசஷ்டி தவறாதவர். முகம் சுருங்கிவிட்டது.

"தங்கச்சி, கொல்லுற சாமானை வாயில வச்சுக்கொண்டு பிள்ளை எப்பிடி விரதம் பிடிக்கிறது?"

இதைப் பிரெஞ்சில் எப்படிக் கேட்பது? இது பல்லைக் காக்கப் பூசும் மருந்துதான் என்று அம்மாவைச் சமாளித்து ஒட்டவைத்தேன்.

பூசின மருந்து

சில மாதங்களில் பொட்டுகளைச் சுற்றி மங்கலாக வெள்ளை. பரவினால் கம்பியைக் கழற்றிவிடுவேன் என்று டொக்டர் எச்சரித்தார். எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. கடைவாய்ப் பற்கள் பளிச்சென்று இருந்தன. கம்பி போட்ட பற்களில் மட்டும் அழுக்கு. விசாரித்தால், அம்மா பெருமையாகச் சொன்னார்:

"நான்தான் அதில பிரஷ் படக்கூடாதெண்டு சொன்னனான். மருந்து பூசின இடத்தை ஆரும் தேய்ச்சுக் கழுவுவினமோ?"

சாமத்திய வீடு

தர்சினி பெரியபிள்ளையானாள். பூப்புனித நீராட்டுக்கு மண்டபம் எடுத்தாயிற்று, வீடியோக்காரருக்கும் சொல்லியாயிற்று. வீடியோவில் கம்பி தெரியக்கூடாது, கழற்றிவிட்டு விழா முடியப் பேந்து ஒட்டுங்கோ என்று அம்மா வந்து நின்றார். டொக்டரோ, பல்லைக் காப்பாற்ற இன்றைக்கே கழற்றுகிறேன் என்றார். இருவரும் ஒரே பக்கம்! எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கதிரையில் கிடந்த தர்சினி எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடுங்கிவிட்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கழட்டினா வெள்ளை எல்லாம் வீடியோவில தெரியும், அன்ரி. நான் இனி கம்பியையும் பிரஷால ஒழுங்கா மினுக்குவன் எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்கோ."

சொன்னேன். டொக்டர் அரைமனதோடு விட்டார்; வெள்ளை தெரியும் என்றதும் அம்மாவும் அடங்கிவிட்டார். அடுத்த முறை வந்தபோது வெள்ளை கொஞ்சமும் கூடவில்லை. அம்மா சாமத்திய வீட்டுப் பட அல்பமும் கொண்டுவந்திருந்தார். பட்டுச்சேலையில் தர்சினி கம்பி முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பசை எத்தனை கிருமியைக் கொன்றதோ எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான், ஆனால் தர்சினியின் பல்லைக் காப்பாற்றியது அந்த வீடியோக்காரர்தான்.