அற்புதமணி டீச்சரின் கழுத்து

அற்புதமணி டீச்சருக்குக் கழுத்து வீங்க ஆரம்பித்தது 1947-ஆம் வருஷம் ஆடி மாதக் கடைசியில். ஐப்பசிக்குள் ஜாக்கெட்டின் மேல் பித்தானைப் போட முடியாமல் போயிற்று. வீக்கத்தையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். ஊர் சொன்ன வைத்தியத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: மீன் சாப்பிடு.

நாசரேத்தில் பிறந்து, டிரெயினிங் முடித்து, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கடற்கரையில் குடியிருந்துகொண்டு மீன் சாப்பிடாமல் என்ன செய்வாள்? சாளை, ஊழி, பாறை என்று தினமும் ஏதாவது ஒன்று சட்டியில் கொதிக்கும்.

போதாக்குறைக்குச் சுகாதாரப் பாடம் வேறு. கழுத்துக் கழலை மலைநாட்டாருக்கு வரும் நோய், கடல் உணவில் அயோடின் இருப்பதால் கரையோர மக்களுக்கு வராது என்று புத்தகத்தில் அச்சடித்திருந்தது. அதை அவளே வாசிக்க வேண்டியிருந்தது. நாற்பது பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்தார்கள், பிறகு அவள் கழுத்தைப் பார்த்தார்கள்.

முன்பெஞ்சு முத்துக்கனி எழுந்து நின்றாள். "டீச்சர், நீங்க மீன் திங்க மாட்டியளா?"

"உக்காரு."

ரத்தக் கொதிப்புக்கு அவள் போய்க்கொண்டிருந்த டாக்டர் சுந்தர்சிங்கும் கழுத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "அயோடின் குறைவு. மீன் நல்லாச் சாப்பிடுங்க. மிக்சரை மட்டும் விட்டுராதீங்க" என்றார். கொதிப்புக்கு அவர் கொடுத்திருந்த அந்த மருந்துக் கலவையைப் பங்குனியிலிருந்து ஒரு வேளை தவறாமல் குடித்து வந்தாள்.

கார்த்திகை, மார்கழியில் இன்னும் மோசமாயிற்று. யாருக்கும் குளிராத ஊரில் அவளுக்குக் குளிர்ந்தது. மத்தியான வகுப்பில் கண் சொக்கியது. குரல் கரகரத்து, ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில் பாட்டுக்கு வாயசைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

புருஷன் ஞானையாவுக்குச் சங்குகளைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் வேலை. நல்ல மனுஷன். அதுதான் தொந்தரவு.

"ஏளா மணி, நெத்திலி வாங்கியாந்திருக்கேன். டாக்டர் சொல்லுதாருல்லா."

"நான் திங்கிற மீனுக்கு இந்நேரம் எனக்குச் செவுளு முளைச்சிருக்கணும். அம்புட்டு அயோடினும் கழுத்துக்கு வர வழி தெரியாம எங்க போவுது? அதச் சொல்லுங்க முதல்ல."

ஞானையா நெத்திலியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறு பங்குனியில் பிள்ளைகளின் கண்ணையும் பல்லையும் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் பிளாரன்ஸ் வந்தாள். அதிகம் பேசாத, கையைக் கழுவிக்கொண்டே இருக்கிற ஆள். நாற்பது பிள்ளைகளையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் டீச்சரின் கழுத்தில் கை வைத்தாள்.

"மீன் சாப்பிடச் சொல்லப் போறீங்கன்னா வேண்டாம் டாக்டரம்மா. தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதக் கேக்கல. மருந்து என்ன சாப்பிடுதீங்க?"

எட்டு மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அற்புதமணி பையைத் துழாவி மிக்சர் சீட்டை எடுத்து நீட்டினாள். பிளாரன்ஸ் படித்தாள். பொட்டாசியம் தயோசயனேட்.

"அயோடின் உங்க ரத்தத்துல இருக்கு டீச்சர். ரத்தத்துல இருந்தா மட்டும் போதாது. கழுத்துல இருக்க சுரப்பி அத உள்ள இழுக்கணும். சுரப்பி பூரா கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசா ஒரு சவ்வு. அயோடின் தானா அதத் தாண்டாது. ஏதோ ஒண்ணு ஏத்திக்கிட்டுப் போகணும்."

"எது ஏத்திக்கிட்டுப் போகும்?"

"அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல. உங்க ஊர்ல கப்பல் எங்க நிக்குது?"

"அஞ்சாறு மைலுக்கு அங்கிட்டு. இங்கன ஆழம் கிடையாதுல்லா. சரக்கு தோணியிலதான் கரைக்கு வரும்."

"தோணியில வேற எதையாவது அடைச்சு வச்சிட்டா? இந்த மருந்து அப்படித்தான் அயோடினோட இடத்தப் புடிச்சுக்கிடும். சரக்கு வரலன்னு மேல மூளைப் பக்கம் இருந்து சுரப்பிக்கு விரட்டு வருது. விரட்ட விரட்டச் சுரப்பி பெருசாகுது. நீங்க கப்பல் கப்பலா மீன் தின்னாலும் போதாது. மிக்சர நிப்பாட்டுங்க."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே சுந்தர்சிங்கிடம் போனாள். பிளாரன்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படி வரும்னு எங்கயோ படிச்ச ஞாபகம் இருக்கு."

"எப்ப வந்தது ஞாபகம்?"

"இப்பத்தான்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"இந்த மிக்சர வேற யாருக்குக் குடுக்கீங்க?"

"ரெண்டு பேருக்கு. ஒருத்தர் ஊர் மாறிப் போயிட்டாரு, அவருக்குக் கடுதாசி போடுதேன். இன்னொருத்தர் கருப்பட்டிக் கடை வன்னியபெருமாள். தீவாளிக்குப் பெறகு ஆளு வரல. ஆளனுப்பி மருந்து மட்டும் வாங்கிக்கிடுதாரு."

"ஏன் வரலன்னு கேட்டீங்களா?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டுவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

கருப்பட்டிக் கடையில், பங்குனி வெயிலில், வன்னியபெருமாள் கழுத்தைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, துண்ட எடுங்க."

"என்ன டீச்சர், என்ன சோலியா வந்திய?"

"எடுங்கன்னா எடுங்க."

கடையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக அவிழ்த்தார். இரண்டு பக்கமும் எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்தது.

"மீன் சூடு, அதான் கழுத்துல எறங்குதுன்னு சொன்னாவ" என்றார், தப்புச் செய்து பிடிபட்ட பிள்ளை மாதிரி. "நாலஞ்சு மாசமாக் கவிச்சி தொடல டீச்சர்."

மீனை அள்ளி அள்ளித் தின்ற தானும், மீனை அறவே விட்ட அவரும் ஒரே கழுத்தோடு நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோணிக் கதையை முதலிலிருந்து சொன்னாள். மறுநாள் அவரைத் தானே பிளாரன்ஸிடம் கூட்டிப் போனாள்.

மிக்சரை இருவரும் நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் பிளாரன்ஸ் தைராய்டு மாத்திரை கொடுத்தாள். ஆடிக்குள் வீக்கம் வடிந்தது, குரல் திரும்பியது. ஆனால் கொதிப்பு போகவில்லை. அதற்கு வேறு நல்ல மருந்து அப்போது கிடையாது. உப்பைக் குறைக்கச் சொன்னாள் பிளாரன்ஸ்.

"வீட்டுல இருந்து பாத்தா உப்பளம் தெரியுது டாக்டரம்மா" என்றாள் அற்புதமணி, கசந்துபோய். ஆனாலும் குறைத்தாள். ஞானையா ஊறுகாயை அடுக்களைக்குள் நின்று சாப்பிடக் கற்றுக்கொண்டார். டாக்டர் சுந்தர்சிங்கோ அதன்பிறகு காலில் முள் குத்தி வந்தவரிடம்கூட முதலில், "வேற என்ன மருந்து சாப்பிடுதீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்.