தை அமாவாசையும் பாரை மீனும்

அந்தமானுக்கு மீன் பிடிக்கப் போகும் திட்டம் முழுக்க என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூர் ஏரிக்கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் போடும் நண்பர், பூந்தமல்லியில் மரப்பட்டறை வைத்திருப்பவர், "நீ சொல்றப்போ கெளம்பலாம் மாமே" என்றார், அவ்வளவுதான். ஆளில்லாத தீவுகளுக்குப் போகும் படகைத் தேடிப் பேசியது நான். கடல் எந்த மாதம் அடங்கியிருக்கும், நீரோட்டம் எப்போது பலத்துப் பெரிய பாரை மேலே வரும் என்றெல்லாம் படகுக்காரரைக் கேட்டு நாட்குறிப்பில் எழுதினேன்: தை மாதம், அமாவாசையை ஒட்டி. மைதா உருண்டைக்குக் கடிக்கும் ஜிலேபி மீனையே இழுத்துப் பழகிய கைக்கு ஒரு பாரையாவது சிக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

டிக்கெட் போட்ட பிறகுதான் மனைவியிடம் தேதியைச் சொன்னேன். அவள் நாட்காட்டியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தை அமாவாசை அன்னிக்கா? உங்க அப்பாவுக்கு யாரு எள்ளுத்தண்ணி வுடறது?"

மூத்த மகன் நான். வருஷா வருஷம் திருவள்ளூர் குளத்தில் நான்தான் தர்ப்பணம் கொடுக்கிறேன். தையையும் அமாவாசையையும் என் கையாலேயே ஒரே வரியில் எழுதியிருந்தும் எனக்கு அது நீரோட்டமாகத்தான் தெரிந்தது.

தேதியை மாற்றலாமா என்று நண்பரிடம் கேட்டேன்.

"போட்டுக்காரன் வேற நாள் இல்லன்றான் மாமே. உன் எடத்துல என் மச்சான இட்டுனு போறேன். சும்மா ஏன் வுடணும்?"

அந்த மச்சான் ஆவடியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஏரிக்கு ஒரே ஒருமுறை வந்தவர், அன்று தூண்டிலைவிட பிரியாணிப் பொட்டலத்தைத்தான் அதிக நேரம் பிடித்திருந்தார். கிளம்புவதற்கு முன் கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்து, இந்தப் பயணத்துக்கென்றே நான் வாங்கிய தூண்டில் கோலைக் கேட்டார்.

"ஒரு தபாதான அண்ணாத்தே. பத்திரமா எட்தாந்துடறேன்."

உறையோடு கொடுத்தேன். தூண்டில் முள்ளுக்கு முடிச்சுப் போடுவதையும் காட்டினேன். பாதியில் அவர் போனைப் பார்த்தார். நான் மறுபடி காட்டவில்லை. அவர்கள் புறப்படும்வரை வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு எதுவும் உருவாகிறதா என்று தினமும் பார்த்தேன். எதுவும் உருவாகவில்லை.

அமாவாசையன்று குளத்தில் முழுகி, தர்ப்பணம் கொடுத்துத் திரும்பினேன். வாழைக்காய், பூசணி, வடை எல்லாம் வைத்துப் படைத்த பிறகு, மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்கு இலை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. நண்பர் படம் அனுப்பியிருந்தார். பச்சைக் கடல், ஆளில்லாத மணல், மச்சான் மார்போடு அணைத்திருந்த ஒரு பாரை. தலையை ஒரு கையிலும் வாலை மறுகையிலும் தாங்கியும் எடை தாளாமல் பின்னால் சாய்ந்திருந்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வாய், கண், செதில். காலடியில், ஈர மணலில், என் கோல் கிடந்தது.

"இன்னாங்க, காக்கா எட்துச்சா? பசங்க பசியா கீதுங்க" என்று கீழிருந்து மனைவி கேட்டாள்.

நிமிர்ந்தேன். இலையில் சோறு கலைந்திருந்தது, வடையைக் காணோம். காக்கையா அணிலா, நான் பார்க்கவில்லை.

"எட்துச்சு" என்றேன்.

இறங்குவதற்கு முன் நண்பருக்குப் பதில் அனுப்பினேன்: கோலை மணலில் போட வேண்டாம், நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லவும். மீனைப் பற்றி எதுவும் எழுதவில்லை.